நாலாம் பக்கம்

பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு சோஷியல் எடுத்தாள் கஸ்தூரி. பிள்ளைகள் கங்கை எங்கே உற்பத்தியாகிறது என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். பள்ளிக்குப் பின்னால் கிடக்கும் ஏரி யாருடைய பொறுப்பு என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். அவளுக்கு அது பொறுக்கவே இல்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருடக் கோடை விடுமுறையில் அவளே உட்கார்ந்து பாடம் எழுதினாள். ஏரி, ரேஷன் கடை, ரயில், தொழிற்சாலை என்று எல்லாம் அதில் வந்தன. ஓவிய ஆசிரியர் ஜேம்ஸ் ஸ்டென்சிலில் படம் கீறிக் கொடுத்தார். அவருடைய சர்ச்சிலிருந்த சைக்ளோஸ்டைல் மெஷினிலேயே உருட்டிப் பிரதிகள் எடுத்தார்கள். 'காசு வேண்டாம், யாரும் படியெடுக்கலாம்' என்று முதல் பக்கத்திலேயே போட்டார்கள். அம்பத்தூர், பூந்தமல்லி, திருநின்றவூர்ப் பள்ளிகளிலிருந்தெல்லாம் கேட்டு வாங்கிப் போனபோது கஸ்தூரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஜூலையில் ஒருநாள், அவள் வகுப்பில் படிக்கும் அஞ்சலையின் அம்மா பொன்னியம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றாள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கம்பெனி வேலைக்குப் போகிறவள். கையில் அந்தப் பாடத்தின் நாலாம் பக்கம்.

"இன்னா டீச்சர் பாடம் இது? எம்பொண்ணு ஸ்கூலுக்கே வரமாட்டேன்னு அழுதுகினு கீது."

'உன் தாத்தா என்ன வேலை செய்தார்? எழுந்து நின்று சொல்' என்றிருந்தது அதில்.

"கவர்மென்ட் குவாட்டர்ஸ் புள்ளைங்களுக்கு இன்னா, தாத்தா வாத்தியாரு, போஸ்ட்மாஸ்டருன்னு சொல்லும். எம்மாமனாரு அடுத்தவன் நெலத்துல கூலிக்கு ஏர் ஓட்னாரு. அத்த சொன்னதும் எல்லாம் சிரிச்சிருக்குதுங்க. நீங்க அங்கதான நின்னுகினு இருந்தீங்க?"

அங்கேதான் நின்றிருந்தாள். 'சத்தம் போடாதீங்க' என்று அதட்டிவிட்டு அடுத்த பையனை எழுப்பியதும் நினைவுக்கு வந்தது. கஸ்தூரிக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

"தப்பு என்னோடதும்மா. அந்தக் கேள்வியை எடுத்துடறேன்."

"எடுக்க வேணாம். ஆளாளுக்கு எழுப்பிவுட்டுக் கேக்காதீங்க, அவ்ளோதான்."

அன்று மாலையே ஜேம்ஸும் அவளும் புது ஸ்டென்சில் வெட்டினார்கள். 'தொழிற்சாலைகள் வருமுன் இந்த மண்ணில் என்ன விளைந்தது? யார் உழுதார்கள்? நிலம் யார் பெயரில் இருந்தது? எல்லோரும் சேர்ந்து விசாரித்து வாருங்கள்.'

அடுத்த வாரம் வகுப்பே ரெண்டுபட்டது. "உழுதவங்களுக்கு ஏன் டீச்சர் நிலம் இல்ல?" என்று குவாட்டர்ஸ் பையன் ஒருவன்தான் முதலில் கேட்டான். அஞ்சலை பின்பெஞ்சிலிருந்து, "அதத்தான் நானும் கேக்கறேன்," என்றாள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

"பழைய பக்கம் ஊரெல்லாம் போயிடுச்சே சார்," என்றாள் கஸ்தூரி ஜேம்ஸிடம்.

"விடுங்க மேடம், அவங்களே பாத்துப்பாங்க."

"அங்கேயும் ஒரு அஞ்சலை இருப்பா."

சனிக்கிழமைகளில் புதுப் பக்கங்களோடு பஸ்ஸும் ரயிலும் ஏறினாள். திருநின்றவூர்ப் பள்ளியில் உலகநாதன் என்ற ஆசிரியர் தயங்கித் தயங்கித் தன் பிரதியை எடுத்துக் காட்டினார். நாலாம் பக்கத்தில் அந்தக் கேள்வி ஏற்கெனவே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. கூடவே, தினமும் பட்டணத்துக்கு ரயிலேறும் அம்மா அப்பாக்களைப் பற்றி அவரே எழுதிய ஒரு பாடம்.

"கேக்காம கை வெச்சுட்டேன் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க."

கஸ்தூரி நின்றவாக்கிலேயே அதை முழுக்கப் படித்தாள். அப்பாவின் டிபன் பாக்ஸில் தொடங்கி ரயில்வே பட்ஜெட்டில் போய் முடிந்திருந்தது. இப்படி எழுத அவளுக்குத் தோன்றியே இருக்காது.

"சார், இது எங்க பசங்களுக்கும் வேணும். ஒரு காப்பி தர்றீங்களா?"

அடுத்த ஜூனில் கஸ்தூரியின் பாடப் புத்தகம் இன்னும் தடித்து வந்தது. பாதிப் பக்கங்கள் அவள் எழுதியவை அல்ல.