தவறணையில் எல்லோரும் இடக்கை

2006 ஒக்டோபரில் ஒரு ஞாயிறு. நோர்வேயில், ரொம்சோஸில் மச்சாள் வீட்டில் ஞானஸ்நான விருந்து. போகும்போது காரிலேயே என் கணவர் கொன்ஸ்ரன்ரைன் தொடங்கிவிட்டார்.

"மேரின், இண்டைக்கு வலக்கையாலைதான் சோறு சாப்பிட வேணும். சனம் பாக்கும்."

"அப்ப நான் சாப்பிட மாட்டன்," என்றாள் எங்கள் ஏழு வயதுக்காரி. போன விருந்திலும் அப்படித்தான் பட்டினியாக எழும்பி வந்தவள். விருந்துக்கு இன்னும் நேரம் கிடந்தது, மழையும் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரின் வாயையும் அடைக்க, வழியில் இருந்த அருங்காட்சியகத்துக்குள் கூட்டிப் போனேன்.

உள்ளே பழைய அச்சுப் படங்கள். ஒன்றின் முன்னால் மேரின் துள்ளினாள். சில நூறு வருடங்களுக்கு முந்திய ஒரு தவறணை. ஆட்கள் குடிக்கிறார்கள், சீட்டு விளையாடுகிறார்கள், ஒருத்தி பாண் வெட்டுகிறாள்.

"அம்மா! எல்லாரும் என்னைப்போலை இடக்கை!"

உண்மைதான். கிண்ணம், சீட்டு, கத்தி எல்லாம் இடக்கையில். எனக்கு மண்டை குடைந்தது. இப்படியும் ஓர் ஊர் இருந்திருக்குமா?

"குடிவெறியிலை எது எந்தக் கை எண்டு தெரியுமே?" என்று இவர் சிரித்தார். நான் விடவில்லை. காவலுக்கு நின்ற நோர்வேப் பெண்ணிடம் போய்க் கேட்டேன்.

ஓவியர் செப்புத் தகட்டில் கீறியதை மை பூசித் தாளில் அழுத்தும்போது வலம் இடமாகிவிடும் என்றாள் அவள். அவர்கள் எல்லோரும் வலக்கைக்காரர்தானாம்.

மேரினின் முகம் சுருங்கிப்போனது. இவரோ வழக்கில் வென்றவர்போல என்னைப் பார்த்தார். வந்த கோபத்தில் நான் படத்தை மூக்கு முட்டப் பார்த்தேன். மூலையில் ஒருவன் மட்டும் கிண்ணத்தை வலக்கையில் தூக்கியிருந்தான்.

"அப்படியென்றால் மூலையில் இருப்பவர்?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் குனிந்து பார்த்துச் சிரித்தாள். "அவர் இடக்கைக்காரர். இவ்வளவு நாளும் நான் கவனிக்கவேயில்லை."

பக்கத்தில் இருந்தவன் அவனுடைய தோளில் கை போட்டுப் பாடிக்கொண்டிருந்தான். அந்தத் தவறணையில் ஒருவர்கூட அவன் கையைப் பார்க்கவில்லை. இவர் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் நேரமாகிறது என்று இழுத்து வந்தேன்.

விருந்தில் மேரின் இடக்கையைச் சோற்றில் வைத்துவிட்டுத் தகப்பனைப் பார்த்தாள். மச்சாள் மரியமலர் கறிக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டா.

"என்ன தம்பி, பிள்ளை இடக்கையாலை..."

இவர் பிள்ளையின் தோளில் கையைப் போட்டார்.

"அவள் இடக்கைக்காரி, அக்கா. கறியைப் போடுங்கோ."