கலசத்துக்குள் இரிடியம்

2024 ஏப்ரல் 20ஆம் திகதி, சனிக்கிழமை பிற்பகல், தலவாக்கலைக்கு அப்பால் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், மாரியம்மன் கோயில் கலசத்தின் மீது இடி விழுந்தது.

கலசம் ஒரு பக்கம் கறுத்து நெளிந்தது. அதை இறக்கிக் கோயிலுக்குள் வைத்தார்கள். சில வாரங்களில் பிரதாப் என்பவர் வாடகை வேனில் வந்து இறங்கினார். தன்னைக் கொழும்பு விஞ்ஞானி என்று சொல்லிக்கொண்டார். இடி விழுந்த செம்புக் கலசத்தில் இரிடியம் உண்டாகுமாம். விண்கலங்களின் அணு எரிபொருளை அமெரிக்காக்காரர்கள் இரிடியத்தில்தான் பொதிந்து அனுப்புகிறார்கள். அதற்குக் கோடி கோடியாகக் கொடுப்பார்கள் என்றார். லண்டன் சான்றிதழுக்கான செலவை மட்டும் தோட்டம் முதலில் கட்டவேண்டுமாம்.

கோயில் கமிட்டியிடம் பணம் இருந்தது. அந்த வருடத் திருவிழாவுக்கு இசைக்குழுவைக் கூப்பிடாமல் மிச்சம் பிடித்தது. தொழிலாளர் குடும்பங்களின் வரிசை வீடுகளான மூன்றாம் லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேடு ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் இறங்கிவருகிறது. அதற்குத் தடுப்புச் சுவர் கட்டவே அந்தப் பணம். லயத்தின் கடைசிக் காம்பராவில் சண்முகவடிவு தன் இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். அவருடைய பின்சுவருக்கும் மேட்டுக்கும் இடையே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம்.

கமிட்டியின் செயலாளர் நிரஞ்சன், தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவர். அவர் கைபேசியில் தேடிப் பார்த்தார். சூரிய ஒளி போதாத தூரத்துக்குப் போகும் கலங்களுக்குப் புளூட்டோனியத்தின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். அந்தப் புளூட்டோனியத்தைச் சுற்றி இரிடிய உறை இருக்கிறது. இவ்வளவும் உண்மை. உண்மை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் அவர் தேடலை அங்கேயே நிறுத்திக்கொண்டார். இடி செம்பை இரிடியமாக்குமா என்று தேட இன்னும் ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடத்தை அவர் கூட்டத்துக்கான பேச்சைத் தயாரிக்கச் செலவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் கூட்டம் கூடியது. பிரதாப் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு வந்தார். கதிர்வீச்சுக்குப் பாதுகாப்பாம். அவரிடமிருந்து கையெட்டும் தூரத்தில் சுற்றி நின்றவர்களுக்கு அப்படி எதுவும் தேவைப்படவில்லை.

தேயிலை மலைக்குப் பூச்சிமருந்து அடிக்கும் அழகன் அந்த உடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், இந்த மாதிரி ஒண்ணு குடுங்கன்னு தொரகிட்ட கேட்டு வருஷக்கணக்காச்சு. வேல முடிஞ்சா கழட்டிக் குடுத்துட்டுப் போங்க."

"சும்மா இருடா," என்றார் கமிட்டித் தலைவர் சின்னராசா. "அது அணு உடுப்பு. ஒனக்குப் பத்தாது."

கலசத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கீழே ஒரு தட்டில் அரிசியைப் பரப்பினார்கள். தோட்டத்தில் அரிசியே இல்லை என்பதுபோல, அதையும் பிரதாப்பே ஒரு பொட்டலத்தில் கொண்டுவந்திருந்தார். கலசத்துக்குள் கையை விட்டு எதையோ சரிசெய்தார். காந்தத்தில் இரும்புத்தூள் ஒட்டுவதுபோல அரிசி எழும்பிக் கலசத்தில் ஒட்டியது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நிரஞ்சன் எழுந்து, சந்திரனும் செவ்வாயும் நம் தோட்டத்துக்குக் கடன்பட்டிருக்கப் போகின்றன என்று ஆரம்பித்து நெடுநேரம் பேசினார்.

சண்முகவடிவு இடையில் புகுந்தார்.

"சேர், எனக்கு அணுவும் தெரியாது, செவ்வாயும் தெரியாது. மழ வரப்போகுது. மொதல்ல செவுத்தக் கட்டுங்க. மிச்சத்த எங்க வேணும்னாலும் அனுப்புங்க."

"செவுறு என்னா தங்கச்சி, காசு வந்தா ஒனக்குத் தனி வீடே கட்டலாம்," என்றார் சின்னராசா.

"வீடு வர்றப்ப வரட்டுங்க தலைவரே. மேடு இப்பவே வருதே."

"ஒலகமே ராக்கெட்டு விடுது, இந்தம்மா மண்ணுலயே நிக்குது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நிரஞ்சன் உட்படப் பலர் சிரித்தார்கள்.

சண்முகவடிவு குரல் வந்த பக்கம் திரும்பினார். "மண்ணு ஒன் வீட்டுப் பக்கம் வராதுல்ல. நீ சிரிப்ப."

கை தூக்கச் சொன்னார்கள். அவருடைய லயத்திலேயே முக்கால்வாசிப் பேர் சான்றிதழுக்குக் கை தூக்கினார்கள். ஆளுக்கொரு வீடு என்று அதற்குள் பேச்சு பரவியிருந்தது. சுவருக்குத் தூக்கிய கைகள் சண்முகவடிவுடையதும் அழகனுடையதும்தான்.

பிரதாப் பணத்தையும் கலசத்தையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். கிழமை முடிவதற்குள் அவருடைய தொலைபேசி அடங்கிவிட்டது. பொலிஸுக்குப் போகலாம் என்றார் அழகன். விஷயம் வெளியே தெரிந்தால் தோட்டத்து மானம் போய்விடும் என்றார் நிரஞ்சன். தோட்டத்துக்கு மானம் இருப்பது கமிட்டிக்கு அன்றைக்குத்தான் நினைவு வந்தது. முறைப்பாடு கொடுக்கவில்லை.

ஜூலையில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள் முற்பகல் மேடு சரிந்தது. சண்முகவடிவு மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார், பிள்ளைகள் பாடசாலையில். கடைசிக் காம்பரா கூரைவரை மண்ணால் நிறைந்தது. பக்கத்துக் காம்பரா இரண்டிலும் சுவர் வெடித்தது. உயிர்ச்சேதம் இல்லை என்று கிராம உத்தியோகத்தர் அறிக்கை அனுப்பினார். மூன்று குடும்பங்களையும் தோட்டத்தின் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் தங்கவைத்தார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்து அறைக்கு மாறியது.

அந்த மூன்று குடும்பங்களும் இன்னும் பிள்ளைக்காம்பராவில்தான் இருக்கின்றன.