வாசித்தால்தான் செல்லும்

மார்கிட் அப்பாவைத் தூக்கித் தலையணையில் சாய்த்தபோதே அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. நோட்டரி ஹென்னிங் மடியில் தாளோடு கட்டிலருகே காத்திருந்தார். சாயங்காலம்வரை தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பாட்டியை நாஜி முகாமில் கொன்றார்கள். ஐம்பதுகளில் அப்பா ஜெர்மன் அரசிடம் நஷ்டஈடு கேட்டபோது, ஜிப்சிகளைப் பிடித்தது குற்றத்தடுப்புக்காகத்தான் என்று இரண்டே வரியில், அவள் பெயரைக்கூடக் கேட்காமல் கதவைச் சாத்தினார்கள். இப்போது அந்தக் கதவைத் திறந்திருக்கிறார்கள், ஆனால் பாட்டியின் பெயர் வேண்டுமாம். பதிவேடுகள் குண்டுவீச்சில் எரிந்துவிட்டன. பெயர் தெரிந்த உயிர் அப்பா ஒருவர்தான். ஆனால் அவர்களைப் போன்ற ஸின்டி ஜிப்சிக் குடும்பங்களில் செத்தவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள், காதால் கேட்கவும் மாட்டார்கள். மார்கிட்டின் அம்மா செத்த நாளிலிருந்து அப்பாவும் அவள் பெயரைச் சொன்னதில்லை.

காலையிலிருந்து மார்கிட் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அவள நிம்மதியா விடும்மா" என்றார் அப்பா.

"நீங்க சொல்லாமப் போனா, அப்படி ஒருத்தி இருந்ததே இல்லைன்னு ஆயிடும்ப்பா."

சாகக் கிடப்பவனை இப்படியா பிடுங்குவாய் என்று வெண்டெலின் சித்தப்பா சீறினார். பாட்டியைக் கொண்டுபோனபோது அவர் கைக்குழந்தை, பெற்றவள் பெயர் அவருக்கே தெரியாது. மார்கிட்டுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

அப்பா நோட்டரியை விரலால் அழைத்தார். அவர் காதில் ஏதோ சொன்னார். ஹென்னிங் எழுதினார். பெயரைக் காதால் கேட்காமலே தப்பித்தோம் என்று மார்கிட் நினைத்தாள். ஹென்னிங் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இத ஐயா முன்னாடி முழுசும் சத்தமா வாசிக்கணும். சட்டம் அப்படி. வாசிக்காட்டி செல்லாது."

சித்தப்பா எழுந்து வெளியே போனார். அவர் பின்னாலேயே அறையிலிருந்த மற்ற உறவினர்களும் போனார்கள். மார்கிட்டின் கால்களும் கதவுப் பக்கம்தான் இழுத்தன. சொல்லச் சொல்லிக் கெஞ்சியவளே ஓடுவதா என்று நின்றுவிட்டாள்.

"வாசிங்க" என்றார் அப்பா.

மூன்றாவது வரியில் பெயர் வந்தது. இவ்வளவு சின்னப் பெயரா என்றிருந்தது அவளுக்கு. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு பேனாவை வாங்கி, பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ளாததால் எழுதப் பழகாத கையால் ஒரு சிலுவைக்குறி போட்டார். ஹென்னிங் முத்திரை குத்தினார்.

அரைமணி நேரத்தில் மூச்சு நின்றது.

டாக்டர் வந்து நாடி பார்த்தார். சான்றிதழை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, குனிந்தபடியே கேட்டார்.

"இறந்தவர் பேரு?"

மார்கிட் வாயைத் திறந்தாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவள் அலமாரியிலிருந்து அப்பாவின் அடையாள அட்டையை எடுத்து, பெயர் எழுதிய பக்கம் மேலே தெரியும்படி அவர் முன்னால் வைத்தாள்.