மாலை போட்ட ஒரு மண்டலம்

பாளையம்பட்டியில் சதீஸ்குமார் வீட்டு முன்னறையில் அன்று காலை நான்கு பேர் இருந்தார்கள். இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் சித்தப்பா வீரபத்திரன். அடுப்படி நிலைப்படியில் அம்மா முத்துப்பேச்சி. ஜன்னலோரம் தையல் மிஷின் ஸ்டூலில் அக்கா ராஜேஸ்வரி. அது சுகந்தியின் மிஷின். அவள் போனதிலிருந்து துணி மூடிக் கிடந்தது. சதீஸ்குமார் தரையில், மகளுடைய பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவன் மனைவி சுகந்தி பரளச்சியில் அப்பா வீட்டில் இருந்தாள், மணிக்கட்டில் கட்டோடு. முன்பெல்லாம் கோபித்துக்கொண்டு போவாள், வருவாள். இந்த முறை மகளையும் கூட்டிக்கொண்டு, போகிற வழியில் மகளிர் காவல் நிலையத்தில் மனுவும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அவள் அப்பா இருளப்பசாமி போனில் கறாராகச் சொல்லிவிட்டார்:

"வாயால பேசுனதெல்லாம் காத்தோட போச்சு மாப்ள. ஏன் அடிச்சீக, இனி என்ன செய்யப் போறீகன்னு எழுத்துல அனுப்புங்க. அதைப் பாத்துட்டுத்தான் பிள்ளைய அனுப்புறதா வேண்டாமான்னு சொல்லுவேன்."

எழுத்து என்றதும் வீரபத்திரனுக்குக் குஷி வந்துவிட்டது. தெருவில் யார் வீட்டு மனுவானாலும் வாசகம் சொல்வது அவர்தான்.

"எழுதுலே. 'நான் சுயநினைவில்லாமல், என்னை மறந்த நிலையில்...' எழுதிட்டியா? 'ஏதோ காத்துக் கருப்பு சேட்டையால்...'"

"அந்தக் காத்துக் கருப்புக்கு இவன் வீட்டு அட்ரஸ் மட்டுந்தான் தெரியுமாக்கும்," என்றாள் ராஜேஸ்வரி.

"நீ சும்மா இரு தாயி. இப்படி எழுதுனாத்தான் அவுக மனசு எறங்கும். கோயில்ல ஒரு பூசையப் போட்டு, ஒரு தாயத்தக் கட்டி, சுகந்தியக் கூட்டியாந்துரலாம். தெரிஞ்சுதான் அடிச்சேன்னு எழுதுனா ஸ்டேஷன்ல தூக்கி உள்ள வச்சிருவாக."

"இவன் என்னப்பா செய்வான்? இவுக அப்பாவுக்கும் இதே கோவந்தான். ரத்தத்துல வந்தது," என்றாள் முத்துப்பேச்சி.

"நானும் அந்த ரத்தந்தானம்மா. நான் யாரை அடிச்சேன்?"

முத்துப்பேச்சி மகள் பக்கம் திரும்பவில்லை. "இதையும் எழுதச் சொல்லுப்பா. போன கார்த்திகையில மாலை போட்டான், ஒரு மண்டலமும் தங்கமா இருந்தான். புது வேட்டிய சுகந்தி அயன் பாக்ஸ வச்சுப் பொசுக்கிட்டா. 'பரவால்ல விடும்மா'ன்னு சிரிச்சுக்கிட்டே வேற கட்டிட்டுப் போனான். வர்ற கார்த்திகைக்கும் மாலை போடுவான்னு எழுது."

'மறந்த' என்ற சொல்லில் பேனா நின்றது.

அம்மா அவனைக் காப்பாற்றத்தான் சொன்னாள். ஆனால் பொசுங்கிய வேட்டி அவன் கண்முன் வந்து நின்றது. அன்றும் கோபம் குப்பென்று உச்சிக்கு ஏறத்தான் செய்தது. கை மட்டும் எழவில்லை. சாமிக்குப் பயந்த கை, சுகந்திக்குப் பயப்படத் தேவையில்லை என்று தெரிந்து வைத்திருந்தது.

அதன் பின்னாலேயே கடைசியாக அடித்த நாளும் வந்தது. சோறு குழைந்துவிட்டது, அவ்வளவுதான். மகளைப் பால் வாங்க அனுப்பினான். டி.வி. சத்தத்தைக் கூட்டினான். நடுவில் அவன் ஓட்டும் லோடு ஆட்டோவுக்காகக் கடைக்காரர் போன் செய்தார். "இந்தா வாரேன் அண்ணாச்சி" என்று பதமாகப் பேசி, போனை அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்துதான் அவள் கையை முறுக்கினான்.

தாளைக் கிழித்தான்.

"என்னலே?"

"நான் எதையும் மறக்கல சித்தப்பா. டி.வி. சத்தத்தக் கூட்டி வச்சுட்டுத்தான் அடிச்சேன். காத்துக் கருப்பா வந்து ரிமோட்டத் தேடுச்சு?"

"கிறுக்குப் பயலே, அப்படி எழுதுனா அவ வரவே மாட்டா."

"வராட்டி வராம இருக்கட்டும். தாயத்த நம்பி அவ வந்தா, அந்தத் தாயத்து மேலயே பழியப் போட்டுட்டு மறுபடியும் அடிப்பேன். என்னையப் பத்தி எனக்குத் தெரியும்."

நிலைப்படியிலிருந்து முத்துப்பேச்சியின் குரல் மெதுவாக வந்தது.

"அப்ப... உங்கப்பாவும் தெரிஞ்சுதான் அடிச்சாகளாப்பா?"

'அவுக அவுகளா இல்ல' என்ற ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த மனுஷனுக்குச் சோறு போட்டாள், கடைசிக் காலத்தில் காலும் பிடித்துவிட்டாள். 'இல்லம்மா, அவுக வேற' என்று சொல்ல சதீஸ்குமாருக்கு வாய் வரை வந்தது. சொல்ல முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான். அவள் எழுந்து அடுப்படிக்குள் போனாள். பாத்திரச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

புதுத் தாளில் எழுதினான்.

'சுகந்திக்கு. நான் தெரிந்துதான் அடித்தேன். நிறுத்தவும் எனக்குத் தெரியும். மாலை போட்டிருந்தபோது நிறுத்தினேன். மற்ற நாளில் உன்னை அடித்தால் கேட்க ஆள் இல்லை என்று நினைத்தேன். மனுவை வாபஸ் வாங்காதே. ஸ்டேஷனில் கேட்டாலும் இதையே சொல்வேன். உன்னை வரச் சொல்லி இதை எழுதவில்லை. தையல் மிஷினை அக்காவோடு அனுப்புகிறேன். நான் வர மாட்டேன். மாமாவிடமும் இதை வாசித்துக் காட்டு.'

ராஜேஸ்வரி வாங்கிப் படித்தாள். மிஷின் மேல் கிடந்த துணியை எடுத்து மடித்தாள். வீரபத்திரன் செருப்பை மாட்டினார். "இனி உன் பாடு, ஸ்டேஷன் பாடு. ஜாமீனுக்கு மட்டும் என்னையத் தேடி வந்துராத," என்று தெருவில் இறங்கினார். நாலு எட்டு போனவர் திரும்பிப் பார்த்தார். "ஸ்டேஷனுக்குப் போறப்ப நல்ல சட்டையாப் போட்டுட்டுப் போலே."

கவரை ஒட்டப் பசை இல்லை. முத்துப்பேச்சி விரல் நுனியில் சோற்றுப் பருக்கைகளோடு வந்தாள். மகன் கையிலிருந்து கவரை வாங்கி, பருக்கைகளை நசுக்கித் தேய்த்து, வாயை மடக்கி, உள்ளங்கையால் வெகுநேரம் அழுத்திக்கொண்டே இருந்தாள். கண் சிவந்திருந்தது.

"போஸ்ட் ஆபீசு மூடுறதுக்குள்ள போ," என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

கவுண்டரில் இருந்தவர் கவரை எடை போட்டார், பரளச்சி என்று வாய்விட்டுப் படித்தார், முத்திரை குத்திப் பின்னாலிருந்த பைக்குள் போட்டார்.