தனக்கோடி தள்ளிய பாறை

எழுபத்து நான்காம் வருஷக் கோடையில், செங்கல்பட்டிலிருந்து சுப்புராமன் என்ற இளம் டாக்டர் தேவனேரி மீனவர் குப்பத்துக்கு வந்தார். நல்ல உடம்புக்காரர்களுக்கு மெக்னீசியம் உப்பு மாத்திரை கொடுத்தால் தசைவலு கூடுமா என்பது அவருடைய ஆராய்ச்சி. நல்ல உடம்புக்காரர்களை ஆஸ்பத்திரியில் தேடிப் பயனில்லை என்று கடற்கரைப் பக்கம் வந்திருந்தார்.

விஷயத்தை அவர் ஒளிக்கவில்லை. பாதிப் பேருக்கு உப்பு மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று கடைசியில்தான் தெரியும். வலை இழுக்கும் தனக்கோடியும், அவன் மனைவி கன்னியம்மாவின் அண்ணன் ஜம்புலிங்கமும் முதலில் கை நீட்டினார்கள். டாக்டர் ஓர் இரும்புப் பிடியைக் கொடுத்து இறுக்கச் சொல்லி, அதிலுள்ள முள் எதுவரை போகிறது என்று குறித்துக்கொண்டார்.

மறுநாளே தனக்கோடிக்குத் தோள் தினவெடுத்தது. கட்டுமரத்தின் பெரிய கட்டையைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு, தேவையே இல்லாமல் குப்பத்தைச் சுற்றி வந்தான். தனக்குக் கிடைத்தது உப்புதான் என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னான். ஜம்புலிங்கத்துக்கோ வயிறு இளகிப்போனது. சவுக்குத் தோப்புக்கும் வீட்டுக்கும் நடந்தே அவன் மெலிந்தான். பாவம், மச்சானுக்கு மாவு ஒத்துக்கொள்ளவில்லை என்று தனக்கோடி மனதார வருந்தினான்.

கட்டை சலித்ததும், மாமல்லபுரத்தில் சரிவில் நிற்கும் உருண்டைப் பாறையைத் தள்ளிவிடப் போவதாக அறிவித்தான். குப்பமே பின்னால் போனது. பாறையின் நிழலில் படுத்திருந்த ஆடுகளை முதலில் எழுப்பி ஓட்டினான். காவல்காரர் வந்து, பாறை உருண்டுவிட்டால் மேலதிகாரிக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். தானே சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு, மூச்சை அடக்கித் தள்ளினான். கண் பிதுங்கத் தள்ளினான். கடைசியில் குப்புற விழுந்தான்.

"அசைஞ்சிச்சி. நீ பாத்தியா இல்லியா?" என்று எழுந்ததும் மனைவியைக் கேட்டான்.

"பாத்தேன். பாறை இல்ல, உன் காலுதான் அசைஞ்சிச்சி" என்றாள் கன்னியம்மா.

சோதனை முடிந்த அன்று டாக்டர் மறுபடி எல்லாரையும் பிடியை இறுக்கவைத்தார். இரு சாராருக்கும் வித்தியாசமே இல்லை. ஜம்புலிங்கம் தின்றது உப்பு, தனக்கோடி தின்றது மாவு என்றும் சொன்னார்.

ஜம்புலிங்கம் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டான். தனக்கோடி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தைப் பார்க்க டாக்டருக்கே சங்கடமாக இருந்தது.

பிறகு திரும்பி, "மிச்சம் கீதா சார், அந்த மாவு?" என்று கேட்டான்.

அதில் சத்து ஒன்றும் இல்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். "உங்க உப்பத் துன்னவன் எழுந்து நிக்க முடியாம கீறான். எனுக்கு மாவே போதும் சார்" என்றான் தனக்கோடி. டாக்டர் யோசித்துப் பார்த்தார். பாட்டிலோடு கொடுத்துவிட்டார்.

அடுத்த நாள் காலை, திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் புறப்பட்ட கன்னியம்மா, யாரும் பார்க்காதபோது ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு மீன்கூடையைத் தலையில் ஏற்றினாள். பஸ் நிற்கும் இடம்வரை, வழக்கமாக இளைப்பாறும் இடத்தில்கூட அவள் கூடையை இறக்கவில்லை.