இளைப்பு இல்லாத பாட்டு

நயினாதீவில் மார்க்கண்டு மைக்கைப் பிடித்து ஒருவருடைய பெயரைச் சொன்னால் அந்த ஆள் செத்துப்போய்விட்டார் என்று அர்த்தம். கலியாணவீட்டுக்கும் கோயிலுக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது அவர்தான். ஆனால் அங்கெல்லாம் பாட்டுப் போடுவதோடு சரி. வாய் திறப்பது செத்தவீட்டு அறிவித்தலுக்கு மட்டும். இன்னாரின் மனைவியும் இன்னாரின் தாயாரும் என்று அவர் நீட்டி முழக்கும்போது குசினி அடுப்படியில் நிற்கிற பெண்கள்கூடக் கைவேலையை விட்டுக் காது கொடுப்பார்கள். அதில் அவருக்கு ஒரு பெருமை. மனுஷனிடம் பெருமைக்கு என்றைக்கும் குறைச்சல் இருந்ததில்லை. அதுதான் வீட்டைக் கெடுத்தது.

ஒரே மகள் சறோஜினிதேவி தானே விரும்பிய ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அக்கரையில், புங்குடுதீவில், போய்க் குடியிருந்தாள். அன்றைக்கு மார்க்கண்டு முற்றத்தில் நின்று, இனி அவள் பெயரை என் வாயால் சொல்லமாட்டேன் என்று கத்தினார். அதற்கு மைக் தேவைப்படவில்லை. ஊர் முழுக்கக் கேட்டது, மகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அவளும் அப்பனுக்குப் பிறந்தவள்தானே, ஐயா கூப்பிடாமல் வரமாட்டேன் என்று இருந்துவிட்டாள்.

எண்பத்தாறாம் ஆண்டு ஆனி மாதம் கடலில் தடை வந்தது. தீவில் இருந்த வள்ளங்களின் எஞ்சின்களை நேவிக்காரர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இங்கிருந்து எவரும் போக வழியில்லை. அக்கரையில் அம்புறோஸ் என்ற ஓட்டி மட்டும், சாவு, கடும் நோய் வருத்தம் என்று யாராவது காலைப் பிடித்தால், வள்ளத்தில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வருவான். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் மார்க்கண்டுவின் மனைவி இராசமணிக்கு இளைப்பு வந்தது. மகள் இருந்த காலத்தில் இல்லாத வருத்தம் அது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து வாங்கினாள். பரியாரியார் நாடியைப் பார்த்துவிட்டு, பிள்ளையைக் கூப்பிடுங்கோ என்று சொல்லிப் போனார்.

“இஞ்சருங்கோ,” என்றாள் இராசமணி. “அந்தக் குழாயைக் கடற்கரைப் பக்கம் திருப்பிக் கட்டி அவளைக் கூப்பிடுங்கோவன். சோளகக் காத்து அங்காலைதான் அடிக்குது. அக்கரைக்குக் கேக்கும்.”

“மைக் வேலை செய்யாது.”

“கசெற்றிலை பதிஞ்சு போடுங்கோ. கொம்மாவுக்கு ஏலாது, வா எண்டு ஒரு சொல்லு. அவ்வளவுதான்.”

“உயிரோடை இருக்கிற மனுசியை வைச்சு என்ரை வாயாலை அதைச் சொல்லுறதே? செத்தவீடு சொல்லுற வாயப்பா இது. அபசகுனம்.”

அது பொய் இல்லை. உண்மையிலேயே பயந்தார். ஆனால் அந்தப் பயத்துக்குப் பின்னால் இன்னொன்றும் ஒளிந்திருந்தது: மார்க்கண்டு மகளைக் கூப்பிடுகிறான் என்று ஊரே கேட்டுவிடும். இராசமணிக்கு இரண்டும் தெரியும். வாதாட மூச்சு இல்லாததால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அது தாங்காமல் அவரே ஒரு வழி சொன்னார். “நீர் பாடும். நீர் வழக்கமாய்ப் பாடுற பதிகத்தைப் பாடும். உம்மடை குரல் கேட்டால் அவள் நிக்கமாட்டாள், ஓடி வருவாள்.”

இராசமணி சுவர்ப் பக்கமிருந்து திரும்பினாள். பிறகு ஓம் என்று தலையாட்டினாள்.

அம்பிளிபயர் பழையது, வால்வு போட்டது, தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதன் முன்பாதி செத்துவிட்டது. சின்னச் சத்தத்தை வாங்கிப் பெருப்பிக்கிற வால்வு எரிந்து, மாற்று வால்வு வாங்க வழியில்லாமல் கிடந்தது. குழாய்களை முழங்க வைக்கிற பின்பாதிக்கு ஒரு குறையும் இல்லை. அலுமாரிக்குள் இன்னொரு பெட்டி இருந்தது. இராசமணியின் தம்பி ஜேர்மனியிலிருந்து கொண்டுவந்த புது றிசீவர். வீட்டுக்குள்ளேயே தியேட்டர்போல நாலு மூலையாலும் சத்தம் வருமாம். பாரமென்று ஸ்பீக்கர்களை அங்கேயே விட்டுவிட்டு வந்த கெட்டிக்காரன், அதனால் அந்தப் பெட்டி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. புதியதன் முன்பாதியையும் பழையதன் பின்பாதியையும் பொருத்தினால் ஒரு முழு ஆள் கிடைக்கும் என்று மார்க்கண்டு கணக்குப் போட்டார்.

முதலில் புதியதன் ஸ்பீக்கர் வயரையே எடுத்துப் பழையதில் சொருகினார். அது அலறிப் புகை விட்டது. பதறிக் கழற்றினார். புதுப் பெட்டியின் முதுகில் இருந்த துளைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, சத்தத்தைப் பெருப்பிக்காமல் பச்சையாக வெளியே விடுகிற துளையைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து பழையதற்குக் கொடுத்தால் உறுமல் வந்தது. இரண்டு பெட்டியின் உடம்பையும் ஒரே கம்பியால் கட்டி, அந்தக் கம்பியைக் கிணற்றடி ஈரத்தில் புதைத்தார். உறுமல் நின்றது. வருத்தக்காரி படுத்திருக்கிற வீட்டில் மனுஷன் சிரித்துவிட்டார்.

பிறகு ரேப் றெக்கோடரைக் கட்டிலில் வைத்தார். இராசமணி ஒரு அடி பாடினாள். இளைப்பு வந்ததும் அவர் நிறுத்தினார். முதுகைத் தடவிக் கொடுத்து, சுடுதண்ணீர் பருக்கி, அடுத்த அடி. அதுவும் முழுசாக வராவிட்டால் பாதி அடி. ஒரு பதிகத்தைப் பதிந்து முடிக்கப் பொழுது போய்விட்டது. ஆனால் போட்டுக் கேட்டபோது இடையில் ஒரு இருமல் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. மிச்சமிருந்த கரகரப்பையும் புதுப் பெட்டியின் குமிழ்களைத் திருப்பிக் கழுவி எடுத்தார்.

காலையில் குழாயில் போட்டபோது இராசமணியின் குரல் தண்ணீரின் மேல் மணிபோலப் போனது. பக்கத்து வளவு ஐயாத்துரை வேலியால் எட்டிப் பார்த்தார்.

“என்ன மார்க்கண்டண்ணை, அக்காவுக்குச் சுகம் வந்திட்டுதே?”

“ரெண்டு பெட்டியையும் பொருத்தின பொருத்தம்,” என்றார் மார்க்கண்டு. ஐயாத்துரை கேட்டதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்திருக்க வேண்டும் என்று அந்த மூளைக்குத் தட்டவே இல்லை.

ஒவ்வொரு காலையும் ஜெனரேற்றருக்குப் பெற்றோலை அளந்து ஊற்றிப் பாட்டைப் போட்டார். போட்டுவிட்டு இறங்குதுறைக்குப் போய் நின்றார். அக்கரை கண்ணுக்குத் தெரிந்தது; வெள்ளைத் துணி கட்டிய வள்ளம் மட்டும் வரவில்லை. திரும்பி வந்தால் இராசமணியின் கண் வாசலில் இருக்கும். அவர் தனியாக வருவதைக் கண்டு மூடிக்கொள்ளும். “நாளைக்கு வருவாள்” என்பார். நாளைக்கும் அதையே சொன்னார்.

ஒருநாள் பின்னேரம் அவள் சொன்னாள்: “நிப்பாட்டுங்கோ. கேட்டுப்போட்டுத்தான் வரேல்லை. அவளுக்கு என்னிலை மனம் விட்டுப்போச்சு.”

மறுநாள் விடியவும் அவர் பாட்டைப் போட்டார். கடற்கரைக்குப் போகவில்லை, அன்றைக்கு ஏனோ அவள் பக்கத்தில் இருந்தார். வெளியே அவள் குரல் தடங்கலில்லாமல் பாடிக்கொண்டிருந்தது. உள்ளே அவள் ஒரு மூச்சை இழுத்தாள், அடுத்ததை இழுக்கவில்லை. அவர் ஜெனரேற்றரை நிறுத்தப் போகவில்லை. பதிகம் முடியும்வரை அது பாடியது.

அறிவித்தலை அவர்தான் சொல்ல வேண்டும். ரேப் றெக்கோடரை மடியில் வைத்துக்கொண்டு பதிந்தார். நயினாதீவைச் சேர்ந்த இராசமணி காலமானார், அன்னார் மார்க்கண்டுவின் அன்பு மனைவியும் என்று வந்து, அந்த இடத்தில் நின்றார். பிறகு, “சறோஜினிதேவியின் பாசமிகு தாயாருமாவார்” என்றார். அந்தப் பெயர் ஒரு துளி கரகரப்பும் இல்லாமல் அக்கரைக்குப் போனது.

மத்தியானத்துக்குள் அம்புறோஸின் வள்ளம் வந்தது. சறோ தலைவிரி கோலமாய் முற்றத்துக்கு ஓடிவந்து தகப்பனின் கையைப் பிடித்தாள்.

“என்ன ஐயா சொல்லுறியள்? விடியவும் பாடினவ எல்லே? நான் கரையிலை நிண்டு கேட்டனான்.”

“அது கசெற், பிள்ளை.”

“ஒவ்வொரு நாளும் வந்து நிண்டு கேட்டனான். நான் போகேக்கை இருந்ததைவிட நல்ல குரல். அம்மா கோயிலிலை பாடுறா, சுகமாய் இருக்கிறா, நான் இல்லாமலும் சந்தோஷமாய் இருக்கிறா எண்டு நினைச்சன். ஏலாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நீந்தியெண்டாலும் வந்திருப்பன்.”

மார்க்கண்டுவுக்கு முழுதும் விளங்கியது. இராசமணி பட்ட பாட்டை எல்லாம் அவர் கையாலேயே வெட்டி எறிந்துவிட்டு, நன்றாக இருக்கிறாள் என்ற ஒரு பொய்யைத்தான் கடலுக்கு மேலால் நாள்தோறும் அனுப்பியிருக்கிறார்.

சறோ கண்ணைத் துடைத்தாள். “அம்மா என்னைப் பற்றி ஏதும் சொன்னவவே?”

சொன்னவள்தான், மகளுக்குத் தன்னில் மனம் விட்டுப்போச்சு என்று. அவர் வாயைத் திறந்தார். ஊர் முழுக்கக் கேட்கப் பேசுகிற மனுஷனுக்கு, முன்னால் நிற்கிற மகளுக்குக் கேட்குமளவுக்குக்கூடச் சத்தம் வரவில்லை. சறோ பிடித்திருந்த கையை விட்டுவிட்டுத் தாயிடம் போனாள்.