பொதிக்குள் விலகிய சில்லு

தேனியில் அந்தப் பஞ்சு அரவை ஆலையின் எஞ்சின் விடியுமுன்பே உறுமத் தொடங்கிவிடும். தொங்கும் பெரிய சாக்குக்குள் ஆள் இறங்கி, கொட்டக் கொட்டப் பஞ்சைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். தொண்டையெல்லாம் பஞ்சுத் தூசி அடைக்கும். யுத்தத்தால் வியாபாரம் படுத்துவிட்டதென்று முதலாளி மிதிக்கும் ஆட்களைப் பாதியாக்கியிருந்தார். மிச்சமிருந்தவர்களில் ஒருவன் ஒச்சாண்டி.

அன்று அவனுடைய வலது பாதம் பஞ்சுக்குள் புதைந்து நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் சடக்கென்றது. எஞ்சின் சத்தத்தையும் மீறி அலறினான்.

தூக்கி வெளியே கிடத்தினார்கள். கால் மடங்கியபடியே நின்றது. முன்னால் இருக்க வேண்டிய முழங்கால் சில்லு வெளிப்பக்கம் புடைத்துக்கொண்டிருந்தது.

"சுளுக்குடா. எந்திரிச்சு மிதி," என்றார் முதலாளி.

"சில்லு எடம் மாறிக் கெடக்கு, பாருங்க மொதலாளி!" என்று கதறினாள், எந்திரத்துப் பக்கமிருந்து வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்த அவன் மனைவி அய்யம்மாள்.

முதலாளி கண் காட்டினார். மேஸ்திரி சுருளியாண்டி அவனை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினான். கால் தாங்கவில்லை. விழுந்த ஒச்சாண்டிக்கு வேட்டியிலேயே மூத்திரம் போனது.

"நல்லா நடிக்கிறான்," என்று சிரித்தார் முதலாளி.

பொதி தைத்துக்கொண்டிருந்த அழகுமலை ஊசியைப் போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்கு ஓடி டாக்டர் சுந்தர்ராஜைக் கூட்டி வந்தான்.

டாக்டர் தொட்டுப் பார்த்தார். "சில்லு வெலகியிருக்கு. இந்தக் காலோடயா நிறுத்துனீக?"

ஒச்சாண்டியை அய்யம்மாள் மேல் சாய்த்து உட்காரவைத்தார். "தொடைய இறுக்காத. தளர விடு." ஒரு கை குதிகாலைப் பிடித்து மெல்ல மெல்லக் காலை நீட்டியது, மறுகையின் பெருவிரல் சில்லை உள்பக்கம் தள்ளிக்கொண்டே வந்தது. ஒச்சாண்டி மனைவியின் சேலையைக் கடித்தான். கால் நேரானதும் சில்லு தன் இடத்தில் போய் விழுந்தது. பின்னால் பலகை வைத்துக் கட்டினார்.

"மதுரையில எக்ஸ்ரே எடுக்கணும். எலும்புத் துணுக்கு உள்ள கெடக்கலாம். ஒரு மாசத்துக்குக் கால மடக்கக் கூடாது."

"அப்ப ஆலைக் குடிசையக் காலி பண்ணச் சொல்லுங்க. வேலை செய்யாதவனுக்கு இங்கன எடமில்ல," என்ற முதலாளி திரும்பினார். "அழகுமலை, நீ சாக்குக்குள்ள எறங்கு."

"அவுக குடிசையிலதான் இருப்பாக. வேலைய விட்டு நிறுத்துன ஆளுகளையும் கூப்பிடுங்க. அப்பறம் எறங்குறேன்."

"நீ இல்லாட்டி வேற ஆளு."

"கூப்பிட்டுப் பாருங்க."

முதலாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் அசையவில்லை. எந்திரத்துக்குப் பஞ்சு ஊட்டிய பெண்கள் எழுந்து வந்து அய்யம்மாளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மேஸ்திரி அவர்கள் மேல் பிரம்பை ஓங்கினான். அவர்களில் ஒருத்தியான கருத்தம்மாள் குறுக்கே வந்தாள். அடி அவள் தோளைக் கிழித்தது. மறுபடி ஓங்கிய பிரம்பைப் பல கைகள் பற்றிக்கொண்டன.

"போலீசு வந்து அள்ளிட்டுப் போகட்டும்," என்று முதலாளி வண்டியேறினார்.

ஒச்சாண்டியை ஏணியில் கிடத்திக் குடிசைக்குக் கொண்டுபோனார்கள். வாசலை மறித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"என்னால எல்லார் வகுறும் காயப் போகுதே," என்று அழுதான் அவன்.

கருத்தம்மாள் தோள் ரத்தத்தைத் துடைத்தாள். "காஞ்சா சேந்தே காயட்டும். நீ கால மடக்காமப் படுடா."